தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பாருங்கள்

கடலூர் முதுநகர் பக்கம் கார் சூடேறி நின்றால் எல்லோரும் நேரே ரேடியேட்டரைத்தான் குறை சொல்வார்கள். என் சந்தேகம் முதலில் தெர்மோஸ்டாட் மேல்தான். இன்ஜின் சூடாகும் வரை, அதைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடும் சின்ன வால்வு அது.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. கொஞ்ச நேரம் சூடில்லாமல் இருந்து, அப்புறம் சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் சூடாகவில்லையா? பெரும்பாலும் வால்வு திறக்கவே இல்லை. உடனே இன்ஜினை அணையுங்கள்.

உறுதி செய்ய, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு கழற்றுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் காய வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 42 டிகிரியோடு முடிந்துவிடும். தெர்மோஸ்டாட்டிலேயே 82, 88 என்று ஏதாவது பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி வால்வு அசைந்து, கொதி வருவதற்குள் நன்றாகத் திறக்க வேண்டும். ஆறினால் மூட வேண்டும். இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு, இல்லாமலே ஓட்டலாம்" என்பார்கள். கேட்காதீர்கள், டீசல்தான் கூடுதலாகக் குடிக்கும். கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டோடு மாட்டி கூலன்ட் ஊற்றுங்கள். உப்பு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.