காப்பகத்தில் சளியும் காய்ச்சலும் பரவ வழிவிடும் தவறுகள்

காலையில் குழந்தைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போயே ஆக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். பெற்றோர் செய்யும் தவறுகளில் மற்றக் குழந்தைகளை அதிகம் பாதிப்பது இதுதான். மருந்து காய்ச்சலைத்தான் தணிக்கும்; வைரஸ் பரவுவதைத் தடுக்காது. சில மணி நேரத்தில் காய்ச்சல் மீண்டும் ஏறும். அதற்குள் அந்தக் குழந்தை வாயில் வைத்த பொம்மையை வேறு பலரும் கடித்திருப்பார்கள். அவர்களில் ஆறு மாதம்கூட நிரம்பாத குழந்தையும் இருக்கலாம். பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷமாக வந்துபோகும் ஆர்.எஸ்.வி. வைரஸ், அந்த வயதில் நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்து மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடக்கூடும். விடுப்புக் கிடைப்பது எளிதல்லதான். ஆனாலும் மருந்தின் துணையின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே அனுப்புங்கள். நேற்றுக் காய்ச்சல் அடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூக்கு ஒழுகும் குழந்தைகளையெல்லாம் திருப்பி அனுப்புவது இதற்கு நேர்மாறான தவறு. சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கூடலாம். அறிகுறி தெரிவதற்கு முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடுவதால், நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் குழந்தையைத் தடுப்பதில் பயன் சொற்பம். சளி பச்சையாக மாறியதும் ஆன்டிபயாட்டிக் கேட்பதும் வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

பணியாளர்களின் கவனம் பெரும்பாலும் தரையைத் துடைப்பதில் இருக்கிறது. கைகளும் காற்றும் மறந்துபோகின்றன. ஒரே துணியால் இரண்டு மூக்குகளைத் துடைக்கவே கூடாது. ஒவ்வொரு முறை மூக்கைத் துடைத்த பிறகும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை நாள் முழுவதும் அடைத்து வைப்பதும் தவறு. ஃப்ளூ தடுப்பூசியை ஆறு மாதம் முதலே குழந்தைகளுக்குப் போடலாம். பணியாளர்களும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ‘வெறும் சளிதானே’ என்று மூச்சைக் கவனிக்காமல் விடுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் தவித்தாலோ, மாலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.