லண்டன் குளிர்காலத்தில் வேலைக்குப் போக ரோடு பைக் (சாலை சைக்கிள்) வாங்குவது எப்படி?

அக்டோபர் பிறந்ததும் லண்டனில் பலர் சைக்கிளை ஷெட்டில் பூட்டிவிட்டு டியூப் எனும் சுரங்க ரயிலுக்கு மாறிவிடுகிறார்கள். குளிர்தான் காரணம் என்பார்கள். குளிரை நல்ல கையுறையும் ஜாக்கெட்டும் பார்த்துக்கொள்ளும். உண்மையில் சைக்கிளையும் நம்மையும் படுத்துவது ஈரமும் சேறும் சாலையில் தூவும் உப்பும்தான், கூடவே இருட்டு. இவற்றைத் தாங்கும் வண்டியாகப் பார்த்து வாங்கினால் குளிர்காலம் முழுக்க ஓட்டலாம். எடையையும் கியர் எண்ணிக்கையையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

படி 1: மட்கார்டுக்கு இடம் இருக்கிறதா?

என்னைக் கேட்டால், பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும். பந்தயத்துக்கென்று செய்த ரோடு பைக்குகளில் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடமே இருக்காது. முழு நீள மட்கார்டு மாட்ட முடியாது. சீட்டுக்கு அடியில் செருகும் சின்ன பிளாஸ்டிக் துண்டு உங்கள் முதுகை மட்டும்தான் காப்பாற்றும். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் ஷூவுக்குள்ளும், பெடல் சுழலும் பேரிங்குக்குள்ளும் போய்க்கொண்டே இருக்கும்.

கடையில் குனிந்து பாருங்கள். சக்கர அச்சு பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில், முன்னும் பின்னும், மட்கார்டு கம்பியை முடுக்கத் திருகு ஓட்டைகள் இருக்க வேண்டும். அடுத்து, இந்த ஃபிரேமில் அதிகபட்சம் எவ்வளவு அகல டயர் போகும் என்று கேளுங்கள். மட்கார்டோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு எண்கள் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் எண். அது 28 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வேண்டாம்; 32 இருந்தால் நிம்மதி. ‘என்டூரன்ஸ்’, ‘ஆல்-ரோடு’ என்ற பெயரில் விற்பவற்றில் தேடுங்கள். ரிபிள் சிஜிஆர், ஜெனிசிஸ் குரோ டி ஃபேர் போன்றவை இந்த வகைதான்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். மெதுவாகப் போய், ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்பி, பெடலை முன்பக்கம் கொண்டுவாருங்கள். ஷூவின் நுனி முன் டயரைத் தொடுகிறதா? மட்கார்டு மாட்டினால் இன்னும் நெருங்கும். சின்ன அளவு ஃபிரேம்களில் இது அடிக்கடி நடக்கும். சிக்னலில் ஊர்ந்து திரும்பும்போது கால் தட்டினால் விழுந்துவிடுவீர்கள்.

படி 2: டிஸ்க் பிரேக்

குளிர்காலத்துக்கு, சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக்கையே எடுங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கில், ஈரச் சாலையின் மணல் துகள்கள் ரப்பர் கட்டையில் புதைந்து, ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அலுமினிய விளிம்பை அரம்போல ராவும். கறுப்புக் குழம்பாக வழிவது அந்த உலோகத் தூள்தான். விளிம்பு தேயத் தேயச் சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும். டிஸ்க்கில் தேய்வது பேடும் தட்டும். இரண்டையும் மாற்றுவது எளிது. மழையிலும் சட்டென்று பிடிக்கும். கேபிள் டிஸ்க் விலை குறைவு. வசதி இருந்தால் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வாங்குங்கள், விறைத்த விரல்களுக்கு அதுதான் லேசு.

படி 3: டயர்

மழைத் தண்ணீர் கண்ணாடித் துண்டையும் கூர்க்கல்லையும் சாலை ஓரத்துக்கு இழுத்து வரும்; ஈர ரப்பரை அவை எளிதாகக் கிழிக்கும். அதனால் பஞ்சரைத் தாங்கும் டயர் அவசியம். ஷ்வால்பே மாரத்தான் டயர் கனமானதுதான், ஆனால் இருட்டில் சாலையோரம் நின்று டியூப் மாற்றுவதை நினைத்தால் அந்தக் கனம் பெரிதில்லை. 75 கிலோ எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் 50 முதல் 60 பிஎஸ்ஐ காற்றே போதும். கல்போல அடித்து வைத்தால் ஈரத்தில் பிடிமானம் குறையும்.

படி 4: கியர்

முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்களும், பின்னால் 11 முதல் 32 பற்கள் வரையிலான பல்சக்கரங்களும் இருந்தால் லண்டன் மேடுகளுக்குத் தாராளம்.

படி 5: விளக்கு

டிசம்பர் நடுவில் இங்கே காலை 8 மணி வாக்கில் விடிந்து, மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர் மூன்றும் இரவில் சட்டப்படி கட்டாயம். தெருவிளக்கு இல்லாத கால்வாய்ப் பாதையில் போகிறவர்களுக்கு, சாலையையே காட்டும் அளவுக்கு வெளிச்சமான முன்விளக்கு வேண்டும். தினமும் ஓட்டுகிறவர்கள் சக்கரத்திலேயே மின்சாரம் எடுக்கும் டைனமோ ஹப்பையும் யோசிக்கலாம். சார்ஜ் போட மறந்துவிட்டோமே என்ற கவலை இருக்காது.

படி 6: பணம்

சம்பள வேலையில் இருந்தால் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டம் உண்டா என்று ஆபீஸில் கேளுங்கள். 1999 முதல் இருக்கிறது. வண்டியின் விலையை, வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். மட்கார்டு, விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் அதே கணக்கில் சேர்க்கலாம் என்பதால் பட்ஜெட் முழுவதையும் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். டி-லாக் (D வடிவ இரும்புப் பூட்டு) வாங்கும்போது, பூட்டின் உறுதியைச் சோதித்துத் தரும் ‘சோல்ட் செக்யூர்’ முத்திரையில் தங்கமோ வைரமோ பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகு: உறைபனி என்றால் கவுன்சில் வண்டிகள் இரவோடு இரவாகச் சாலையில் உப்பு தூவும். அன்று ஓட்டி வந்ததும் வெறும் தண்ணீரால் வண்டியைக் கழுவி, செயினைப் பழந்துணியால் துடைத்து, ஈரத்துக்கென்று விற்கும் ‘வெட் லூப்’ எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். உப்போடு அப்படியே விட்டால் மறுநாள் காலையிலேயே செயினில் துரு தெரியும்.