கொல்லப்படும் பட்டியலில் உள்ள காப்பக நாயைக் கலிஃபோர்னியாவில் மீட்பது எப்படி?

அமெரிக்காவில் கௌண்டியோ (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நகராட்சியோ நடத்தும் விலங்குக் காப்பகங்கள், கூண்டுகள் நிரம்பிவிட்டன என்பதற்காகத் தெருவில் பிடிபட்ட நாயைப் பொதுவாக வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதனால் பணமும் ஆளும் போதாத காப்பகங்களில், நோயற்ற, எந்த வீட்டுக்கும் பொருந்தக்கூடிய நாய்க்கும் இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தை உயிர்போகும் அளவில் செலுத்தும் ஊசி போடப்படுகிறது. பதிவேட்டில் அதுவும் கருணைக்கொலை என்றே எழுதப்படுகிறது. அத்தகைய நாயை வெளியே கொண்டுவர விரும்புபவர் முதலில் அதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும்.

1998-இல் கலிஃபோர்னியாவில் இயற்றப்பட்ட ஹேடன் சட்டம், உரிமையாளர் அறியப்படாத நாயைக் காப்பகம் 6 வேலை நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. மாலை நேரத்திலோ வார இறுதியிலோ திறந்திருக்கும் காப்பகத்துக்கு அது 4 வேலை நாள்கள். நாய் வந்து சேர்ந்த நாள் இக்கணக்கில் சேராது. ஆயினும் கூடுதல் நாள்களுக்கான செலவை ஈடுகட்ட வேண்டிய மாநில அரசு, நிதி நெருக்கடியைக் காட்டி, காப்பகங்கள் அத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நிறுத்திவைத்தது. ஆகவே ஏட்டில் உள்ள எண்ணிக்கையை நம்பி இருந்துவிடாமல், குறிப்பிட்ட அந்த நாய்க்கு எந்தத் தேதி வரை அவகாசம் உண்டு என்று காப்பகத்திடமே கேட்க வேண்டும். உரிமையாளரே கொண்டுவந்து ஒப்படைத்த நாயாக இருந்தால், தேடி வர எவரும் இல்லாததால் அவகாசம் இன்னும் குறைவாக இருக்கக்கூடும்.

கேட்கும்போது நாயின் பெயரைச் சொல்வதில் பயனில்லை, ஏனெனில் பெரும்பாலும் அப்பெயர் ஊழியர்கள் அவசரத்தில் வைத்தது. கூண்டு அட்டையில் உள்ள அடையாள எண்ணைச் சொல்ல வேண்டும். பட்டியலில் ஏன் சேர்த்தார்கள் என்பதையும் தவறாமல் கேளுங்கள். நாய்களிடையே பரவும் சுவாசத் தொற்றான கென்னல் இருமல் என்றால் அது பொதுவாகக் குணமாகக்கூடியது. நடத்தை என்று பதில் வந்தால், மனிதரைக் கடித்ததா அல்லது கூண்டுக்குள் குரைத்துச் சுழல்கிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். வாரக்கணக்கில் இரைச்சலில் அடைபட்ட நாய் நிலைகுலைவது இயல்பு. கடித்த வரலாறு உண்மையாக இருந்தால், குழந்தைகள் உள்ள வீட்டில் இரக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நிரந்தரமாக வளர்க்க இயலாதவர் ஃபாஸ்டர் எனப்படும் தற்காலிகப் பராமரிப்புக்கு முன்வரலாம். என் பார்வையில் நன்கொடையைவிட இது உடனடியாகப் பலன் தருவது. ஒரு நாய் வெளியேறும்போதே வேறொரு நாய்க்கும் கூண்டு கிடைக்கிறது. இதற்கு, பதிவுபெற்ற லாபநோக்கற்ற மீட்புக் குழு ஒன்றை முன்கூட்டியே அணுகி, விண்ணப்பத்தையும் வீட்டுச் சோதனையையும் முடித்து வைத்திருப்பது நல்லது. அத்தகைய குழு கேட்டால், மீளா வேதனையில் உள்ளவை போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, கொல்வதற்கு முன் நாயை அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஹேடன் சட்டம் கூறுகிறது. பட்டியலில் நாயைப் பார்த்த பிறகு குழுவைத் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது.

வீட்டுக்கு வந்ததும் சுமார் இரண்டு வாரம் மற்ற நாய்களிடமிருந்து தனியே வையுங்கள். இருமலும், குடலைத் தாக்கும் வைரஸ் நோயான பார்வோவும் சில நாள் கழித்தே வெளிப்படலாம். முதல் சில நாள்கள் அது உண்ணாமல் மூலையில் கிடந்தால் வற்புறுத்த வேண்டாம், ஆனால் வாந்தியோ இரத்தம் கலந்த கழிச்சலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பராமரிப்பைத் தொடர முடியாது என்று தோன்றினால், மாற்று வீடு தேட அவகாசம் இருக்கும்போதே குழுவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.