கீசர் கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டும் முன்

போன மார்கழியில் எங்கள் நங்கநல்லூர் வீட்டுக் கீசர் வெதுவெதுப்பாக மட்டுமே தண்ணீர் தந்துகொண்டிருந்தது. விளக்கு எரியும், நேரத்துக்கு அணையும். ஆனால் பக்கெட்டில் விழுகிற தண்ணீரில் சூடு இருக்காது. முதலில் வந்த மெக்கானிக், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டு நாள் கழித்து, தண்ணீரைச் சூடாக்கும் காயிலையும் மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், எங்கள் தெருவில் வெகுகாலமாகப் பிளம்பிங் வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கீசரைத் திறக்கவே இல்லை. கீசருக்குள் பச்சைத்தண்ணீர் போகிற ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, வாஷ்பேசினில் வெந்நீர்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் நிற்காமல் வந்தது.

“கீசருக்குப் போற வழியை அடைச்சாச்சு. அப்புறம் இந்தத் தண்ணி எங்கேருந்து சார் வருது?”

குளியலறைச் சுவரில் இருக்கும் மிக்சரில் வெந்நீர், பச்சைத்தண்ணீர் இரண்டு திருகும் திறந்தே கிடந்தன. அதன் முனையில் மாட்டியிருந்த கைஷவரை மட்டும் விரலால் அழுத்தி நிறுத்திப் பழகியிருந்தோம். வெளியே போக வழியில்லாத பச்சைத்தண்ணீர், மிக்சருக்குள்ளேயே புகுந்து வெந்நீர் லைனுக்குப் போய்க் கலந்துகொண்டிருந்தது. அண்ணன் இரண்டு திருகையும் மூடினார். வாஷ்பேசினில் தண்ணீர் நின்றது. ஆங்கிள் வால்வைத் திறந்து கீசரைப் போட்டதும் கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. கீசரில் எந்தப் பழுதும் இருந்ததே இல்லை.

வீட்டுக் குழாய் வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த வகைதான். கோளாறு தெரிகிற இடத்தையே கோளாறு இருக்கிற இடமாக எடுத்துக்கொள்கிறோம். வெந்நீர் வரவில்லை என்றால் கீசர், சொட்டினால் அந்தக் குழாய், வேகம் இல்லையென்றால் மோட்டார் என்று கை நேரே அங்கே போகிறது.

கீசரையே சந்தேகிப்பதானால் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் தொட்டி, 2,000 வாட் காயில் என்றால், சென்னைத் தண்ணீரை 60 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கச் சுமார் 20 நிமிடம் போதும். அரை மணி நேரமாகியும் விளக்கு அணையாமல், தண்ணீரும் காயாமல் இருந்தால் காயிலைப் பார்க்கலாம். சட்டென்று அணைந்துவிடுகிறது, ஆனால் சூடு இல்லை என்றால் தெர்மோஸ்டாட் பக்கம் போகலாம். வெந்நீர் ஒழுங்காக வந்து பாதிக் குளியலில் ஆறிவிட்டால் கீசர் சிறியது, அவ்வளவுதான்.

அடுத்த தவறு உயிருக்கே ஆபத்தானது. கீசருக்கு அடியில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். தரை ஈரமாகிறதென்று அதை எம்சீல் வைத்தோ டம்மி திருகியோ அடைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய கால் லிட்டர் கூடிவிடுகிறது. உள்ளே வந்த வழியாகத் திரும்பிப் போகாதபடி நான்-ரிட்டர்ன் வால்வு தடுக்கும்போது, கூடிய தண்ணீருக்கு அந்தச் சொட்டுதான் வழி. கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி, அணைத்ததும் நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஒரு சின்ன டியூபை மாட்டி, வாயை மூடாமல் வடிகால் பக்கம் விட்டுவிடுங்கள். கீசர் அணைந்து மணிக்கணக்கானாலும் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போகிற ஒரு நாளில், அடைபட்ட தொட்டி வெடிக்கும்.

சென்னையில் இதையெல்லாம் பேசும்போது தண்ணீரை விட்டுவிட்டுப் பேச முடியாது. மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்பில் கலக்கிற வீடுகள் இங்கே நிறைய. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது என்று ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு ஏற ஏறக் காயில் மேல் படிகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது பல அடுக்குமாடிகள் போரையும் லாரியையும் நம்பித்தான் ஓடின. எங்கள் வீட்டில் அதற்கடுத்த குளிர்காலத்தில் கழற்றிய காயில், திருநீறு குழைத்துப் பூசியது போல வெள்ளையாக, கட்டைவிரல் பருமனுக்கு வீங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அந்த ஓட்டைத் தாண்டித்தான் சூடு தண்ணீருக்குப் போக வேண்டும். கீசருக்குள் பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டால் அதுதான் காரணம்.

இதற்குச் செய்யக்கூடியது இரண்டு. சூட்டு அளவை 55, 60 டிகிரிக்குள் வைத்தால் படிவு குறையும். வருடத்துக்கு ஒரு முறை, கார்த்திகை பிறப்பதற்கு முன் சர்வீஸ் செய்யும்போது ஆனோட் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிப்பதற்குப் பதில் தான் அரிபட்டுக் கரைகிற மக்னீசியக் கம்பி அது. பலர் அதைக் கேட்பதே இல்லை. கம்பி கரைந்து தீர்ந்த பிறகு தொட்டி அரிக்கத் தொடங்கும். தொட்டியே ஓட்டையானால் ஒட்டுப்போட முடியாது, புதுக் கீசர்தான்.

குழாய்க்கு வருவோம். சொட்டுகிற குழாயை இன்னும் இறுக்கி மூடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பழைய மாதிரித் திருகு குழாயில் அது ரப்பர் வாஷரை வெட்டி, அது உட்காரும் பித்தளை இருக்கையையும் தேய்த்துவிடும். வாஷரோடு முடிய வேண்டிய வேலை, குழாயையே மாற்றுவதில் போய் நிற்கும். கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாயில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. அங்கே இறுக்குவதால் பயனே இல்லை. மாடித் தொட்டி கழுவிய மறுநாள் அது சொட்ட ஆரம்பித்தால் தகடுகளுக்கிடையே மணல் மாட்டியிருக்கலாம். அந்தத் தகடுகள் இருக்கும் உள்பாகமான ஸ்பிண்டிலைக் கழற்றி அலசி மாட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் அதே அளவு ஸ்பிண்டில் வாங்க, பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி உட்காராது.

குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தால் முனையிலிருக்கும் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். உப்போடு குரோமியப் பூச்சும் போய்விடும், பிறகு அந்த இடம் பச்சை பூக்கும். அந்த ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும்.

வேகம் வீட்டில் எல்லாக் குழாயிலும் குறைவு என்றால் சல்லடையைக் குறை சொல்ல வேண்டாம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் கிடைக்கிறது. அங்கே சாப்பாட்டுத் தட்டு அகல ஷவர் வாங்கி மாட்டினால் தூறல்தான் விழும். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு வெந்நீர் மட்டும் வரவில்லை என்றால் லைனில் காற்று அடைத்திருக்கும். கீசரை அணைத்துவிட்டு எல்லா வெந்நீர்க் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். தண்ணீர் இடைவிடாமல் வருகிற வரை கீசர் ஸ்விட்சைப் போடக் கூடாது. தண்ணீரில்லாமல் காய்ந்த காயில் நிமிடங்களில் கருகும்.

கத்திரி வெயிலில் பச்சைத்தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது பழுதில்லை. மாடியில் வெயிலில் கிடக்கும் பைப்பும் தொட்டியும்தான் காரணம்.

கீசரைப் போட்டதும், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கிற இஎல்சிபி விழுந்தால், காயிலிலிருந்து மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டுக் குழந்தை அந்தத் தண்ணீருக்கடியில்தான் நிற்கிறது. கீசருக்குத் தனி 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது. வெந்நீர் லைனுக்குச் சாதாரண பிவிசி பைப்பும் ஆகாது, சூட்டில் தொய்ந்துவிடும். சூட்டைத் தாங்கும் சிபிவிசி பைப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் மாடியில் ஒரு வீட்டில் இரவு பதினோரு மணிக்குக் குழாய் கழன்று கையோடு வந்தது. கேட் வால்வு உப்பேறி அசையவில்லை. மொட்டை மாடிக்கு ஓடினால் கதவு பூட்டு. சாவி கிடைப்பதற்குள் தண்ணீர் கூடத்தைத் தாண்டி மாடிப்படியில் இறங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த வால்வை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் முறுக்கி உடைக்காமல், பிளம்பர் வேறு வேலைக்கு வரும்போதே மாற்றச் சொல்லுங்கள். அதற்கு மொட்டை மாடித் தொட்டி லைனை ஒரு மணி நேரமாவது அடைக்க வேண்டியிருக்கும், மற்ற வீடுகளுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்.