குளிர்காலத்தில் பொம்பெய்: வழிகாட்டியுடன் செல்வோர் கவனத்திற்கு

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த, இத்தாலியின் பொம்பெய் நகரைக் காண, கடும் வெயிலும் பெருங்கூட்டமும் இல்லாத டிசம்பர், ஜனவரி மாதங்களே மிகவும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் குளிர்காலத்தில் வளாகம் மாலை 5 மணிக்கே மூடப்படுகிறது. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே நுழைவு நிறுத்தப்படுகிறது. ஆகவே, காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே குழு வாசலில் இருக்குமா என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டில் பயணியின் பெயர் அச்சிடப்படுவதால் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

ரோமானியர் பதித்த எரிமலைக்கல் பாதைகள், தேய்ந்து வழவழப்பாகிவிட்டதால், மழை பெய்தால் மிகவும் வழுக்கும். வண்டிச் சக்கரங்கள் அரித்த தடங்களில் நீரும் தேங்கும். நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் செல்ல வேண்டாம். இரு கைகளும் விடுபட்டிருக்கும்படி, குடைக்குப் பதிலாக மழைக்கோட்டு அணிவது நல்லது.

மழை வலுத்தால் நேப்பிள்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். செவ்வாய்க்கிழமைகளில் அதற்கு விடுமுறை. பொம்பெயில் 1938இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தச் சிலை அதன் சேகரிப்பில் உள்ளது. வழிகாட்டியிடம் அதைப் பற்றி அவசியம் கேளுங்கள். பகல் பொழுது குறைவாக இருந்தால், அதே வெடிப்பில் புதைந்த, பரப்பில் சிறிய பக்கத்து நகரான எர்கொலானோவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கரியாகிப்போன மர உத்தரங்களும் கதவுகளும்கூட எஞ்சியிருக்கின்றன.