ஐந்து வரிசைக்கும் ஒரே பட்டியல்: என் அனுபவம்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளின் வருகைக் கணக்குக்காக, 5 வகுப்புகளும் 12 மாதங்களும் கொண்ட இருபரிமாண அணியை, அதாவது ஒரு கட்ட அட்டவணையை, பட்டியலைப் பெருக்கும் முறையில் பைத்தான் என்னும் கணினி மொழியில் அமைத்தேன். முதல் வகுப்பின் ஜனவரிக் கட்டத்தில் 18 இட்டால், ஐந்து வகுப்புகளின் ஜனவரியிலும் 18 தோன்றியது. கட்டத்தின் இடத்தைக் குறிக்கும் சுட்டெண் 0-இல் தொடங்குவதை மறந்தேனோ என்று, கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் மடக்குகளைத் திருத்தியதிலேயே மூன்று நாள்கள் வீணாயின.

ஒருபரிமாண அணியில் இதே முறை பிழையின்றி இயங்கியதுதான் என்னைத் திசைதிருப்பியது. 0 உள்ள பட்டியலை 12-ஆல் பெருக்குவதில் குறையில்லை; ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு பட்டியலுக்குள் இட்டு 5-ஆல் பெருக்கினால், புதிய பட்டியல்கள் உருவாகாமல், ஒரே பட்டியலை ஐந்து இடங்களும் சுட்டுகின்றன. ஒரு பொருளின் அடையாள எண்ணைத் தரும் ஐடி (id) என்னும் செயற்கூற்றால் சோதித்தபோது ஐந்து வரிசைகளுக்கும் ஒரே எண் வந்தது. வெளிப் பெருக்கலை நீக்கி, மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் 12 சுழியங்கள் கொண்ட பட்டியலைப் புதிதாக உருவாக்கிச் சேர்த்தேன்; 18 தன் கட்டத்தில் மட்டும் நின்றது.