எடைமேடை கேட்டில் விடுபட்ட அம்பு: குவார்டஸ் ஸ்டேட் மெஷின் வியூவரைப் பயன்படுத்துவது எப்படி?

வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குள் சரக்கு லாரி ஏறும் ஓர் எடைமேடை. அதன் கேட்டை ஓர் எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் லாஜிக்கை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்) போர்டு இயக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிப்புக்கு வெரிலாக் மொழியில் எழுதிய கோடில் 5 நிலைகள்: காலி, ஏற்றம், எடை, இறக்கம், பிழை. உள்ளே வருபவை நுழைவுச் சென்சார், வெளிப்பக்கச் சென்சார், எடை நிலைத்ததற்கான சிக்னல், டைம்அவுட். இவற்றைப் பார்த்து நிலைக்கு நிலை தாவுவதுதான் ஸ்டேட் மெஷின். எந்த நிலையில் என்ன செய்வது என்று சொல்லும் கேஸ் வரிகளை மேலும் கீழும் உருட்டித் தப்பைத் தேடுவதைவிட, கோடைச் சிப்புக்கான சர்க்யூட்டாக்கும் மென்பொருளான குவார்டஸ் பிரைம் அதைப் படமாக்கித் தருவதைப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். இலவச லைட் பதிப்பே போதும்.

முதலில் வெள்ளைத்தாளில் நீங்களே வட்டமும் அம்பும் போட்டு வையுங்கள். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண்; கோடில் இருப்பதைத்தான் வியூவர் வரையும், உங்கள் மனதில் இருப்பது அதற்குத் தெரியாது.

அடுத்து பிராசஸிங் மெனுவில் அனாலிசிஸ் அண்ட் சிந்தசிஸ் (கோடை அலசி சர்க்யூட்டாக்கும் கட்டம்) ஓட்டுங்கள். அதற்கு முந்தைய படியான எலாபரேஷனோடு நிறுத்தினால் படம் கிடைக்கும், எந்த நிலைக்கு எந்த பிட்கள் என்று காட்டும் என்கோடிங் அட்டவணை கிடைக்காது. பிறகு டூல்ஸ், நெட்லிஸ்ட் வியூவர்ஸ், ஸ்டேட் மெஷின் வியூவர். மெஷின்கள் பல இருந்தால் மேலே உள்ள பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரீசெட் சேரும் நிலை இடது ஓரத்தில் நிற்கும். வெளியே உள்ள லாஜிக்கோடு இணைந்த நிலைக்கு இரட்டை வட்டம். கீழே உள்ள அட்டவணையில் எங்கிருந்து, எங்கே, எந்த நிபந்தனையில் என மூன்று பத்திகள். ஒரு நிலையைத் தொட்டு ஹைலைட் ஃபேன்-அவுட் போட்டால், அதிலிருந்து கிளம்பும் அம்புகள் தனித்துத் தெரியும்.

இல்லாத அம்பைத் தேடுவதுதான் இங்கே வேலை. ஏற்றம் நிலையைத் தொடுங்கள். எடைக்கு ஓர் அம்பு, தன்னிடமே திரும்பும் வளையம், அவ்வளவுதான் என்றால் வம்பு காத்திருக்கிறது: முன் சக்கரம் ஏறியதும் டிரைவர் மனம் மாறி ரிவர்ஸ் எடுத்தால், மேடை காலியாக இருக்கும், மெஷின் மட்டும் லாரிக்குக் காத்துக்கிடக்கும். இரு சென்சாரும் விடுபட்டு, எடையும் நிலைக்காமல் டைம்அவுட் ஆனால் காலிக்குத் திரும்பும் அம்பு வேண்டும். பிழை நிலையிலிருந்து எதுவும் கிளம்பவில்லையா? ரீசெட் பட்டனைத் தேடி யாராவது ஓடியாக வேண்டும். நீள டிரெய்லரையும் மறக்காதீர்கள். அதன் முன்பக்கம் வெளிச் சென்சாரையும் பின்பக்கம் நுழைவுச் சென்சாரையும் ஒரே நேரத்தில் மறைக்கும். அந்த நிபந்தனை அட்டவணையில் எந்த வரியில் விழுகிறது என்று பாருங்கள்.

வியூவரில் மெஷினே தெரியவில்லை என்றால் எழுதிய விதத்தில் கோளாறு. ‘நிலை + 1’ என்று கூட்டி அடுத்த நிலைக்குப் போவது, நிலையை நினைவில் வைத்திருக்கும் ரிஜிஸ்டரையே அவுட்புட் போர்ட் ஆக்குவது, அதை சைன்ட் (எதிர்ம எண்ணும் ஏற்கும் வகை) என்று அறிவிப்பது: இதில் எது இருந்தாலும் குவார்டஸ் அதைச் சாதாரண ரிஜிஸ்டராகவே எடுத்துக்கொள்ளும். வெரிலாக்கின் விரிவாக்கமான சிஸ்டம்வெரிலாக் என்றால் நிலைகளைப் பெயரிட்டு அடுக்கும் enum வகையில், int unsigned என்று குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

படம் சுத்தமாக இருந்தும் கேட் உறைந்து நின்றால், சென்சார் கம்பியைச் சந்தேகியுங்கள். கிளாக்கோடு ஒத்திசையாத சிக்னல் நேரே நுழைந்தால், நிலைக்கு ஒரு பிட் என ஒதுக்கும் ஒன்-ஹாட் என்கோடிங்கில் இரண்டு பிட்கள் மாறவேண்டிய நேரத்தில் ஒன்று மாறி மற்றது நின்றுவிடலாம். மெஷின் எந்த வட்டத்திலும் இராது. கேஸில் டிஃபால்ட் (வேறு எதிலும் சேராததற்கான வரி) எழுதியிருந்தாலும், எட்டவே முடியாத நிலை என்று சிந்தசிஸ் அதை நீக்கிவிடும். ஒவ்வொரு சென்சாரையும் அடுத்தடுத்த 2 ஃப்ளிப்-ஃப்ளாப் (கிளாக்கோடு மட்டும் மாறும் ஒரு பிட் நினைவு) வழியாக உள்ளே விடுங்கள். அதன்பின் சிந்தசிஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் சேஃப் ஸ்டேட் மெஷினை (தடம் மாறிய மெஷினை மீட்கும் வசதி) ஆன் செய்யுங்கள். ஓடும்போது எந்த நிலையில் சிக்குகிறது என்று பார்க்க வியூவர் உதவாது. ஓடும் சிப்புக்குள்ளேயே சிக்னல்களைப் பதிவு செய்து காட்டும் சிக்னல் டேப்பில் அதே நிலை ரிஜிஸ்டரைச் சேர்த்துப் பாருங்கள்.